பாதியில் நிற்கக் கற்ற விரல்: ஒரு கீபோர்டு மாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருகிறவர் ஒரே ஒருவர். முழுநேர மொழிபெயர்ப்பாளர், நாற்பதுகளின் நடுவில் இருப்பவர், நாளுக்கு ஆறேழு மணிநேரம் தட்டச்சு செய்பவர். தமிழ்99 என்ற தமிழ்க் கீபோர்டு அமைப்பில், கீபோர்டைக் குனிந்து பார்க்காமல் அடிப்பார். அவருடைய கணினியில் ஏதாவது கோளாறு என்றால் போய்ப் பார்த்துக் கொடுப்பது என் வழக்கம். அப்படித்தான் இந்தக் கதைக்குள் வந்தேன். பெயர் வேண்டாம் என்றார். நான் கூப்பிடுவதுபோல அக்கா என்றே எழுதிவிடுகிறேன்.

தொடக்கம் இப்படித்தான் இருந்தது: "தம்பி, டக்டக்குன்னு சத்தம் போடுமே, அந்தக் கீபோர்டு ஒண்ணு பாத்துக் குடுப்பா. அதுல அடிச்சா கை வலிக்காதாமே?"

மெக்கானிக்கல் கீபோர்டு வாங்குகிற பலரும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். பதில் ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிகிற விஷயம் அல்ல. நான்கு மாதம் ஆனது. நடுவில் இரண்டு தப்பும் செய்தோம், ஒன்று என்னுடையது.

போகும் முன் சொல் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். தமிழில் விசை என்றால் அழுத்துகிற பொத்தானும்தான், அழுத்துகிற வலுவும்தான். "விசையின் மீது செலுத்தும் விசை" என்று எழுதினால் எனக்கே புரியாது. அதனால் இங்கே பொத்தான் கீ, வலு விசை.

சிக்கல் என்ன

மதியத்துக்கு மேல் வலது கைச் சுண்டுவிரலில் தொடங்கி முன்கை வரை கனம் ஏறும். மாலைக்குள் விரல் மூட்டுகள் எல்லாமே ஓய்ந்துபோகும். மரத்துப்போகிறதா, ஊசி குத்துவதுபோல் இருக்கிறதா, இரவில் அதனால் தூக்கம் கலைகிறதா என்று முதலில் கேட்டேன். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் மணிக்கட்டு வழியே போகும் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்தால் முழங்கை வழியே வரும் நரம்பு. இரண்டில் எது இருந்தாலும் போக வேண்டியது மருத்துவரிடம்; அங்கே கீபோர்டு மருந்தாகாது. அக்கா ஏற்கெனவே மருத்துவரைப் பார்த்திருந்தார். நரம்பில் ஒன்றுமில்லை, தசைதான் களைத்திருக்கிறது, இடையிடையே எழுந்து நடங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

முதல் நாள் எதையும் மாற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணால் பார்த்ததைவிடக் காதில் விழுந்தது அதிகம் உதவியது. ஒவ்வொரு எழுத்துக்கும் தொம், தொம் என்று மேசையிலிருந்து சத்தம் வந்தது. பக்கத்தில் இருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் எழுத்துகளை அடிக்கவில்லை, அறைந்துகொண்டிருந்தார்.

அது அவர் குணம் அல்ல, கீபோர்டு கற்றுக்கொடுத்த பழக்கம். ஏன் என்று புரிய உள்ளே போக வேண்டும்.

நாணயம் அடுக்கிப் பார்த்தது

சாதாரண மெம்பிரேன் கீபோர்டைத் திறந்தால் மூன்று பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்தடங்கள் அச்சிடப்பட்டிருக்கும். நடுத்தாள் துளை போட்ட இடைவெளித் தாள். அவற்றின்மேல் கீ ஒவ்வொன்றுக்கும் ரப்பர் குமிழ் ஒன்று. கீயை அழுத்தினால் குமிழ் கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு சட்டென்று உள்ளே மடங்கும். மடங்கிய குமிழ் மேல் தாளைக் கீழ்த் தாளோடு ஒட்டும்போதுதான் எழுத்து விழும். அதாவது கீ ஏறக்குறைய தரையைத் தொட்டால்தான் கணினிக்குச் செய்தி போகும்.

இதை வீட்டிலேயே சோதிக்க எளிய வழி உண்டு. ஒரே வகை நாணயங்களைக் கீயின்மேல் ஒவ்வொன்றாக அடுக்கி, எத்தனையாவது நாணயத்தில் திரையில் எழுத்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அக்காவின் பழைய கீபோர்டில் நாணயம் ஏற ஏறக் கீ அசையவே இல்லை. ஒரு கட்டத்தில் மொத்தமும் பொத்தென்று இறங்கியது, எழுத்தும் அப்போதே விழுந்தது. பல வருடம் அடிபட்ட கீகளுக்கும் அதிகம் தொடாத கீகளுக்கும் நாணயக் கணக்கில் ஒன்றிரண்டு வித்தியாசம் வேறு.

பிறகு நான் கொண்டுபோன மெக்கானிக்கல் கீபோர்டில் அதையே செய்தோம். அதில் கீ ஒவ்வொன்றின் அடியிலும் தனி ஸ்விட்ச், ஸ்விட்சுக்குள் ஸ்பிரிங், பக்கவாட்டில் உலோகத் தொடுமுனை. நாணயம் வைக்க வைக்கக் கீ கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போனது. எழுத்து வந்தபோது இன்னும் பாதிப் பயணம் மிச்சம் இருந்தது. செர்ரி எம்எக்ஸ் சிவப்பு என்கிற பரவலான வகையின் அளவையே சொல்கிறேன்: மொத்தப் பயணம் 4 மில்லிமீட்டர், எழுத்து விழுவது 2 மில்லிமீட்டரில், அதற்கு வேண்டிய விசை 45 சென்டிநியூட்டன். கையில் ஏறக்குறைய 46 கிராம் வைத்ததுபோல.

என் கணக்கில் இந்த மிச்சம் 2 மில்லிமீட்டர்தான் மெக்கானிக்கல் கீபோர்டின் சுகம். மற்ற பெருமைகள் எல்லாம் அப்புறம்.

இருட்டில் படியிறங்குகிறவர் கடைசிப் படி எது என்று தெரியாமல் காலை ஓங்கி வைப்பாரே, மெம்பிரேனில் விரல் செய்வது அதைத்தான். எழுத்து எங்கே விழும் என்று உறுதியாகத் தெரியாததால் அடிவரை போய் இடித்துவிட்டு வருகிறது. தட்டுகிறவர்கள் கீ கேட்கும் விசையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கொடுக்கிறார்கள் என்று 1990களிலேயே உணரிகளை வைத்து அளந்து சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கீபோர்டிலும் இந்த மிகை கொஞ்சம் இருக்கும். ஆனால் "விழுந்துவிட்டது, போதும்" என்ற தகவல் விரலுக்கு வழியிலேயே கிடைத்தால் மிகையைக் குறைக்க வாய்ப்பு உண்டு. மெம்பிரேனில் அந்தத் தகவல் தரையில்தான் கிடைக்கும்.

இதற்காக ரப்பரையே குற்றம் சொல்லவும் முடியாது. டோப்ரே என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஸ்விட்சிலும் ரப்பர் குமிழ்தான் இருக்கிறது. அதன் அடியில் கூம்பு ஸ்பிரிங் ஒன்று. எதுவும் எதையும் தொடாமலேயே, மின்தேக்குத் திறன் மாறுவதைக் கொண்டு பாதி வழியில் எழுத்தைப் பதிவு செய்யும். நாள் முழுக்கத் தட்டுகிறவர்களில் அதற்கு உயிரையே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆக, ரப்பரா உலோகமா என்பது அவ்வளவு பெரிதில்லை. எழுத்து எந்த இடத்தில் விழுகிறது, அது விரலுக்குத் தெரிகிறதா என்பவைதான் பெரிது.

நீலம், சிவப்பு, பழுப்பு

ஸ்விட்ச்களின் நிறக் கணக்கு செர்ரி நிறுவனம் தொடங்கி வைத்தது. நடுத்தண்டின் நிறமே வகையின் பெயர். சிவப்பும் கறுப்பும் வழுவழுவென்று நேராக இறங்குபவை. பழுப்பில் நடுவழியில் சிறு மேடு தட்டுப்படும். நீலத்தில் மேட்டோடு கிளிக் சத்தமும் வரும். காப்புரிமைக் காலம் முடிந்ததும் கேட்ரான், கைல் போன்ற நிறுவனங்கள் அதே அச்சில் நூற்றுக்கணக்கான வகைகளை இறக்கிவிட்டன. நான் எடுத்துப் போனது ஹாட்ஸ்வாப் வகை. சால்டரிங் இல்லாமல் ஸ்விட்சைப் பிடுங்கி வேறொன்றைச் செருகலாம்.

முதலில் நீலம் போட்டேன். அக்கா கேட்டதே டக்டக் சத்தம்தானே. இதுதான் என் தப்பு.

முதல் இரண்டு நாள் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்றாம் நாள் இணையவழிக் கூட்டத்தில் எதிர்ப்பக்கத்தவர், "அங்கே என்ன ஆலங்கட்டி மழையா?" என்று கேட்டாராம். சத்தத்தை விடுங்கள், அடிப்படைச் சிக்கல் அப்படியே இருந்தது. கிளிக் காதுக்கு வந்து சேர்வதற்குள் விரல் தரைக்குப் போயிருந்தது. வருடக்கணக்கான பழக்கம் ஒரு கிளிக்குக்கு அடங்குமா?

அதோடு நான் எதிர்பார்க்காத ஒன்றும் வந்தது. தமிழ்99இல் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். பக்கம், அப்பா, பத்து எல்லாம் அப்படித்தான் அடிக்கிறோம். நீலத்தில் எழுத்து விழுகிற புள்ளி வேறு, கீ அடுத்த தட்டலுக்குத் தயாராகிற புள்ளி வேறு. இரண்டாவது இன்னும் மேலே இருக்கிறது. விரலைப் போதுமான அளவு தூக்காமல் வேகமாக இரட்டித்தால் இரண்டாவது தட்டல் பதிவாகாது. அக்காவின் ஒரு பத்தியில் "அபா" மூன்று இடத்தில் உட்கார்ந்திருந்தார். இரட்டித்த மெய் இல்லாமல் தமிழில் இரண்டு வரி எழுத முடியாது. பத்தாம் நாள் நீலத்தைப் பிடுங்கினேன்.

இந்த இடத்தில் ஐபிஎம் மாடல் எம் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. 1985இல் வந்த கீபோர்டு. அதில் அழுத்தப்படும் ஸ்பிரிங் ஒரு கட்டத்தில் பக்கவாட்டில் வளைந்து சரியும். அந்தச் சரிவிலேயே சத்தம், விரலுக்குத் தெரிகிற விடுபடல், எழுத்து மூன்றும் ஒன்றாக நடக்கும். விரலுக்கும் கணினிக்கும் இடையே பொய் சொல்ல எதுவுமில்லை. நாற்பது வருடமாகியும் அதை விடமாட்டேன் என்கிறவர்கள் வெறும் பழைய ஞாபகத்துக்காகச் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் சத்தத்தில் அது நீலத்துக்கும் அண்ணன். அக்காவின் வேலைக்கு ஒத்துவராது.

அடுத்தது சிவப்பு. சத்தம் குறைந்தது, விரலும் இலேசானது. புதுத் தொல்லை, யோசிக்க நிறுத்தி விரலைக் கீமேல் வைத்தாலே எழுத்து விழுந்தது. சுண்டுவிரல் ஓய்வெடுக்கும் இடத்தில் ந, இடது ஆள்காட்டி விரலின் இடத்தில் புள்ளி. வரிக்கு நடுவே காரணமில்லாமல் ந முளைக்கும். "தொட்டாச்சிணுங்கி மாதிரி இருக்கு தம்பி, கை வைக்கவே பயமா இருக்கு" என்றார். இலேசான ஸ்விட்ச்தான் சுகமான ஸ்விட்ச் என்று நினைத்து வாங்குகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எழுத்து விழுந்துவிடுமோ என்று விரலை அந்தரத்தில் தூக்கிப் பிடிப்பதும் உழைப்புதான். அதற்கும் முன்கைத் தசைதான் வேலை செய்கிறது.

பழுப்பில் மேடு இருக்கிறது என்று நாமே சொன்னால்தான் தெரியும். மண் விழுந்த சிவப்பு என்று அதைக் கேலி செய்வார்கள், கொஞ்சம் நியாயம்தான். கடைசியில் நிலைத்தது பழுப்பைவிட மேடு தெளிவாகவும் ஸ்பிரிங் ஒரு பிடி கனமாகவும் உள்ள, கிளிக் இல்லாத ஒரு வகை. விரல் வைத்தால் தாங்கும், அழுத்தினால் நடுவில் ஒரு தடங்கல், அதைத் தாண்டியதும் எழுத்து.

ஸ்விட்சை மாற்றியதால் மட்டும் எதுவும் நடந்துவிடவில்லை. தினம் கால்மணிநேரம் அக்கா வேண்டுமென்றே மெதுவாக அடித்துப் பார்த்தார். தொம் என்ற சத்தம் வராமல் எழுத்து மட்டும் வர வேண்டும், அதுதான் பயிற்சி. முதல் வாரம் எரிச்சல். மூன்றாவது வாரத்தில் டம்ளர் தண்ணீர் நடுங்குவது நின்றது. எல்லாக் கீயும் பாதியிலேயே நின்றது என்று சொன்னால் பொய். வேகம் பிடித்தால் யார் விரலும் அடியைத் தொடும். ஆனால் இடிப்பதற்கும் தொடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

சுண்டுவிரலின் சுமை

இந்த ஆய்வில் எனக்கே புதிதாகத் தெரிந்தது இதுதான். மற்ற விரல்கள் தேறிய பிறகும் வலது சுண்டுவிரல் மட்டும் மாலையில் முனகிக்கொண்டிருந்தது. காகிதத்தில் எழுதிப் பார்த்தோம். தமிழ்99இல் உயிர் பெரும்பாலும் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். கைகள் மாறி மாறி வேலை செய்யும் நல்ல ஏற்பாடு. ஆனால் வலது சுண்டுவிரலின் பங்குக்கு வந்து சேர்ந்தவை: ண, ச, ஞ, ந, ய, ழ. இதே இடங்களில் ஆங்கிலத்தில் பி என்ற எழுத்தைத் தவிர மிச்சமெல்லாம் குறிகள்தான். இதற்கு மேல் என்டர், பேக்ஸ்பேஸ், வலது ஷிப்ட். இடது சுண்டுவிரலிடம் இருப்பவை அ, ஆ, ஔ. ஔவை நாம் எப்போது அடித்தோம்?

கீபோர்டு உலகம் இந்த விரலின் பலவீனத்தை அறியாததல்ல. டோப்ரேயின் ரியல்ஃபோர்ஸ் கீபோர்டுகளில் ஒரு வகையில் விரலுக்கு ஏற்றபடி எடை மாறும்: சுண்டுவிரல் கீகளுக்கு 30 கிராம், நடுவில் 45, எஸ்கேப்புக்கு 55. அந்த யோசனையைத்தான் திருடினேன். ண, ச, ஞ, ய, ழ, என்டர் ஆகியவற்றில் மட்டும் கழற்றி வைத்த சிவப்பு ஸ்விட்ச்களைச் செருகினேன். ந மட்டும் கனமாகவே இருக்கட்டும் என்று விட்டேன், அது விரல் ஓய்வெடுக்கும் இடம். அங்கே சிவப்பு வைத்தால் மறுபடி தொட்டாச்சிணுங்கி. கீபோர்டில் க்யூஎம்கே என்ற திறமூல ஃபர்ம்வேர், அதாவது கீபோர்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள், இருந்ததால் பேக்ஸ்பேஸைக் கேப்ஸ் லாக் இடத்துக்கு, அதாவது சும்மா இருந்த இடது சுண்டுவிரலுக்கு மாற்றினோம். தமிழில் கேப்ஸ் லாக்கால் யாருக்கு என்ன பயன்? பழகப் பத்து நாள் பிடித்தது. திட்டினார். பிறகு திட்டவில்லை.

மெக்கானிக்கல் கீபோர்டில் மனிதர்கள் சுகம் என்று சொல்வதில் இந்தத் திருத்தும் வசதிக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன். செருப்புக் கடித்தால் செருப்பைத் தூக்கிப் போடாமல் கடிக்கிற இடத்தில் மட்டும் தட்டிவிடலாம். அதேபோல, செர்ரி தன் சிவப்பு ஸ்விட்ச்சுக்கு ஐந்து கோடி அழுத்தம் என்றும் பின்னாளில் பத்துக் கோடி என்றும் ஆயுள் சொல்வதை நான் சேமிப்புக் கணக்காகப் பார்ப்பதில்லை. எல்லாக் கீயும் பல வருடம் ஒரே மாதிரி இருந்தால்தான் விரல் தான் கற்ற அளவை நம்பும்.

கீயின் மேல்மூடியைப் பற்றி இரண்டே வரி. ஏபிஎஸ் பிளாஸ்டிக் சீக்கிரம் பளபளத்து வழுக்கும், பிபிடி என்ற இன்னொரு பிளாஸ்டிக் அவ்வளவு வழுக்காது. பிபிடி போட்டோம், அவ்வளவுதான்.

மணிக்கட்டு, அதாவது இரண்டாவது தப்பு

மூன்றாம் வாரம் மணிக்கட்டின் மேல்பக்கம் இழுக்கிறது என்றார். முன்பு இல்லாத வலி. நாங்கள் இருவரும் ஸ்விட்சிலேயே மூழ்கிக் கிடந்ததில் உயரத்தை மறந்துவிட்டோம். மெக்கானிக்கல் கீபோர்டு தடிமனானது. இதில் முன்விளிம்பே இரண்டு சென்டிமீட்டர். போதாக்குறைக்கு அக்கா பின்கால்களையும் நிமிர்த்தி வைத்திருந்தார். கை, பாம்பு படமெடுத்ததுபோல மணிக்கட்டில் மேல்நோக்கி வளைந்து நின்றது.

பின்கால்களை மடக்கினோம். நாற்காலியை உயர்த்தி முழங்கையைக் கீ வரிசையின் மட்டத்துக்குக் கொண்டுவந்தோம். காலுக்குப் பலகை வைத்தோம். கீபோர்டு முன்னால் உள்ளங்கை வைக்கத் திண்டு ஒன்று, ஆனால் அடிக்கும்போது அதில் ஊன்றாமல் நிறுத்தும்போது மட்டும். எண்பகுதி இல்லாத சிறிய கீபோர்டு என்பதால் மவுஸ் பக்கத்தில் வந்தது, தோளுக்கு அது நல்லது. ஒரு வாரத்தில் இழுப்பு போனது.

பழையதை மறுபடி வைத்துப் பார்த்தது

நான்காம் மாதத்தில் அக்கா நன்றாகத்தான் இருந்தார். மாலை கனம் இல்லை. வேகம் கூடியதா என்றால் இல்லை, அது அப்படியேதான் இருந்தது. ஆனால் எது காரணம்? ஸ்விட்சா, நாற்காலியா, மெதுவாக அடித்த பயிற்சியா, புது கீபோர்டு என்ற உற்சாகமா? எல்லாவற்றையும் கலந்து செய்துவிட்டு ஒன்றுக்குப் பெயர் சூட்டுவது நேர்மையில்லை. ஒருவரை வைத்துச் செய்யும் ஆய்வில் எல்லாவற்றையும் பிரிக்க முடியாது. ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. நாற்காலி, பலகை, உயரம் எதையும் தொடாமல், பழைய மெம்பிரேன் கீபோர்டை ஒரு வாரம் வையுங்கள் என்றேன். "நல்லா இருக்கறவளைக் கெடுக்கப் பாக்கறியா" என்று சொல்லிக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

மணிக்கட்டு அந்த வாரம் முழுக்க வலிக்கவில்லை. ஆக அது உயரத்தின் வேலை, ஸ்விட்சுக்கு அதில் பங்கில்லை. விரல்களின் கதை வேறு. வியாழக்கிழமைக்குள் தொம் சத்தம் திரும்பியிருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் சுண்டுவிரல் கனக்கிறது என்று அழைத்தார், மாலைக்குள் அவரே கேபிளைப் பிடுங்கிப் புதியதை மாட்டிவிட்டார்.

நான் எடுத்துவைத்துக்கொண்டது திங்கட்கிழமை காலையில் அவர் அனுப்பிய பத்தியை. பழைய கீபோர்டில் உட்கார்ந்த முதல் அரைமணிநேரத்தில் அடித்தது. விரல் நான்கு மாதமாகக் கற்ற இடத்திலேயே நின்று திரும்பியிருக்கிறது, ரப்பர் மடங்கும் வரை போகவில்லை. எழுத்துகள் ஏறக்குறைய எல்லாம் இருந்தன, புள்ளிகளில் பாதியைக் காணோம். முதல் வரியிலேயே "தமிழ" என்றிருந்தது. கீழே ஒரு குறிப்பு: "தம்பி இத நான திருததமாடடேன, அபபடியே வசசுகக".

சிரித்துக்கொண்டே கூப்பிட்டேன். "அது வேணும்னே அடிச்சதாக்கா?"

"முதல் வரி இல்ல" என்றார்.